13 வாரப் பருவமும் தொழிற்சாலை அவசரமும்: சிங்கப்பூரில் பல்கலைக்கழக–தொழில்துறை ஒத்துழைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களை எடுத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனங்களுக்கும், எங்கே போய்ச் சேருவது என்று யோசிக்கும் பொறியியல் மாணவர்களுக்கும், "பிள்ளை படிக்கிறானா, வேலை பார்க்கிறானா?" என்று குழம்பும் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். கேள்விகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். நிறுவனத்தார் மட்டும் மணிக்கணக்கு பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள். மற்றச் சிக்கல்களில் பாதி அதிலிருந்துதான் முளைக்கின்றன.

"ஒத்துழைப்பு" என்பதில் என்னவெல்லாம் அடங்கும்?

பலருக்கும் தெரிந்தது வேலைப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப். அதோடு இறுதியாண்டுத் திட்டம், பல துறை மாணவர்கள் குழுவாகச் செய்யும் கேப்ஸ்டோன் திட்டம், நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுக்கூடம், தொழில்துறை முனைவர் பட்டம், பாடத்திட்ட ஆலோசனைக் குழு, பணியிலிருக்கும் பொறியாளர் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பது ஆகியவையும் உண்டு. பல நிறுவனங்கள் உறுப்பினராகச் சேர்ந்து ஒரே ஆய்வு நிலையத்தைப் பயன்படுத்துவது இன்னொரு முறை. அரசாங்க ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (என்டியு) இணைந்து 2012-ல் தொடங்கிய ஏஆர்டிசி என்ற மறுஉற்பத்தி, தொழில்நுட்ப நிலையம் அதற்கு எடுத்துக்காட்டு.

ஒவ்வொன்றிலும் கிடைக்கும் உழைப்பு நேரம் வேறு, கேட்கும் பணம் வேறு, அறிவுசார் சொத்து விதிகளும் வேறு. "ஒரு புரொஃபசரோடு சேர்ந்து ஏதாவது செய்யலாமே" என்று தொடங்குபவர்கள் இதில் எது தங்களுக்குத் தேவை என்று முடிவு செய்யாமலே ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலைப் பயிற்சி எவ்வளவு காலம்?

என்டியுவில் பொறியியல் மாணவர்களின் தொழில்முறைப் பயிற்சி சுமார் 20 வாரம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) ஒரு பருவம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் பயிற்சியும் உண்டு, விடுமுறைக்காலக் குறும்பயிற்சியும் உண்டு. எஸ்யுடிடி எனப்படும் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 16 வாரம். எஸ்ஐடி எனப்படும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே பட்டத்தோடு பின்னிய ஒருங்கிணைந்த வேலை–கல்வித் திட்டம் துறையைப் பொறுத்து 8 முதல் 12 மாதம் வரை நீளும்.

புதிய ஆளுக்கு இடம் பழகவே நான்கைந்து வாரம் ஆகிவிடும். 10 வாரப் பயிற்சியில் பழகியதும் விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. 20 வாரம் என்றால் ஒரு சிறிய வேலையை முழுதாகச் செய்து முடிக்கலாம். 8 மாதத்தில் மாணவர் ஒரு பராமரிப்பு நிறுத்தத்தையோ கணக்குத் தணிக்கையையோ கண்ணால் பார்த்துவிடுவார். இயந்திரம் ஓடும்போது தெரியாத பல விஷயங்கள் அது நிற்கும்போதுதான் தெரியவரும்.

இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரு மாணவரிடமிருந்து உண்மையில் எவ்வளவு வேலை கிடைக்கும்?

என்யுஎஸ் கணக்கில் ஒரு யூனிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) என்பது வாரத்துக்கு 2.5 மணி நேர உழைப்பு. கற்பிக்கும் வாரங்கள் ஒரு பருவத்துக்கு 13. எட்டு யூனிட் திட்டம் ஒன்றை இரண்டு பருவங்களுக்குப் பிரித்தால் பருவத்துக்கு நான்கு யூனிட், அதாவது வாரத்துக்கு 10 மணி நேரம். மொத்தம் 260 மணி நேரம்.

40 மணி நேர வேலை வாரத்தால் வகுத்துப் பாருங்கள். ஆறரை வாரம் வரும். "ஓராண்டுத் திட்டம்" என்று காதில் விழுந்தது உங்கள் பொறியாளர் ஒருவரின் ஆறரை வார வேலைதான். அதிலும் தொடக்கத்தில் முன்னாய்வுகளைப் படிப்பது, கடைசியில் அறிக்கை எழுதுவது, வாய்மொழித் தேர்வுக்குத் தயாராவது ஆகியவற்றைக் கழித்தால் சோதனைக்கும் வடிவமைப்புக்கும் மிஞ்சுவது 150 மணி நேரம் இருந்தால் அதிகம்.

20 வார முழுநேரப் பயிற்சி 800 மணி நேரம். மூன்று மடங்குக்கும் மேல். அவசர வேலை இருந்தால் இறுதியாண்டுத் திட்டமாகத் தராதீர்கள், பயிற்சி மாணவரிடம் கொடுங்கள். அவசரமில்லாத, ஆனால் யாருக்கும் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாத கேள்வி இருந்தால் இறுதியாண்டுத் திட்டம் பொருத்தம்.

அந்த நேரத்துக்குள் அடங்கும்படி பிரச்சினையை எப்படி எழுதுவது?

"எங்கள் ஆலையை ஸ்மார்ட் ஃபேக்டரி ஆக்கித் தாருங்கள்" என்ற கோரிக்கை அடிக்கடி வரும். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவனை வானம் ஏறி வைகுண்டம் போகச் சொல்வது இது. "எந்த இயந்திரம் எப்போது பழுதாகும் என்று கணிக்கும் செயற்கை நுண்ணறிவு" என்பது பார்க்கக் கொஞ்சம் அடக்கமானது. ஆனால் அதுவும் தோற்கும். காரணம் எளிது: இயந்திரத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் நல்ல ஸ்பிண்டில் பேரிங் பல ஆண்டு உழைக்கும், 26 வாரத்தில் ஒன்றுகூடப் பழுதாகாமல் போகலாம். பழுதின் தரவே இல்லாமல் பழுதைக் கணிக்கும் கணினி மாதிரிக்கு எதைக் கற்பிப்பது? மாணவர் இணையத்தில் கிடைக்கும் யாருடையதோ ஒரு தரவுத்தொகுப்பை வைத்து 98 விழுக்காடு துல்லியம் காட்டிவிட்டுப் போவார். உங்கள் இயந்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

அதே ஆலையில் ஓர் அதிர்வுச் சென்சாரை வைத்துக் கேட்கக்கூடிய நல்ல கேள்வி ஒன்று இதோ: "முன்கடினப்படுத்திய அச்சு எஃகை 6 மி.மீ. விட்டமுள்ள, நான்கு பல் கார்பைடு எண்ட்மில் என்ற சுழலும் வெட்டுக்கருவியால் நிமிடத்துக்கு 6,000 சுழற்சி வேகத்தில் வெட்டுகிறோம். பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆனதும் எண்ட்மில்லை மாற்ற வேண்டும். இப்போது ஊழியர்கள் பாகங்களை எண்ணிக் குத்துமதிப்பாக மாற்றுகிறார்கள், கழற்றியவற்றில் பல இன்னும் வெட்டும் நிலையில் இருக்கின்றன. அதிர்வைக் கொண்டு தேய்மானத்தை 0.05 மி.மீ. பிழைக்குள் மதிப்பிட முடியுமா?"

இதில் தரவுக்குப் பஞ்சமில்லை. எண்ட்மில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு வீதம் பத்து வாரத்தில் 20 எண்ட்மில்களின் முழு வாழ்நாளும் பதிவாகிவிடும். தேய்மானத்தை நுண்ணோக்கியில் நேராக அளந்து சரிபார்க்கலாம். 0.3 மி.மீ. என்பது கருவி வாழ்நாள் சோதனைக்கான ஐஎஸ்ஓ தரநிலையிலும் உள்ள அளவு. விடை "முடியாது" என்று வந்தாலும்கூட உங்களுக்குப் பயன்படும்.

எழுதித் தரும் பக்கத்தில் இன்றைய நிலை ஓர் எண்ணாக இருக்க வேண்டும், அதை எப்படி அளந்தீர்கள் என்பதும் வேண்டும். இயந்திரத்தை எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் விட்டுத் தருவீர்கள் என்பதும், எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வீர்கள் என்பதும் வேண்டும். ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் மாணவருக்கு இன்னும் நேரம் வரவில்லை.

கருவிகள் விஷயத்தில் வழக்கமாக எங்கே சொதப்புகிறது?

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே பார்ப்போம். 6,000 சுழற்சி என்றால் நொடிக்கு 100 சுற்று. நான்கு பற்கள், ஆகவே பல் மோதும் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். தேய்மானத்தின் அடையாளம் அதன் மடங்குகளிலும் கிலோஹெர்ட்ஸ் பகுதியிலும் கிடக்கும். மாணவர்கள் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல்345 என்ற மலிவுச் சென்சாரை வாங்கி ஒட்டுவார்கள். அது நொடிக்கு அதிகபட்சம் 3,200 அளவீடுகள்தான் தரும். அதில் பாதியான 1,600 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும். நான்காவது மடங்கிலேயே கதவு மூடிவிடும். அதற்கு மேலுள்ள அதிர்வு கீழே மடிந்து போலிச் சமிக்ஞையாகவும் தெரியலாம்.

நொடிக்கு 10,000 அளவீடு, மூன்று அச்சு, ஓர் அளவீட்டுக்கு 2 பைட் என்று வைத்தால் நொடிக்கு 60 கிலோபைட், மணிக்கு 216 மெகாபைட், எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு சுமார் 1.7 கிகாபைட். இதை ஆலையின் வைஃபையில் அனுப்பலாம் என்று நினைப்பது இரண்டாவது சறுக்கல். நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு முன்பின் தெரியாத பெட்டியை வலையமைப்பில் சேர்க்கச் சம்மதிப்பதற்குள் பருவம் பாதி முடிந்திருக்கும். அனுமதியை எதிர்பார்க்காமல் மெமரி கார்டில் பதிந்து, வாரம் ஒருமுறை கையோடு எடுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

சென்சாரைக் காந்தத்தால் ஒட்டுவது வசதிதான், ஆனால் உயர் அதிர்வெண்கள் மங்கிப் போகும். திருகாணியோ தகுந்த பசையோ நல்லது. கூலன்ட் (வெட்டும்போது பாய்ச்சும் குளிரூட்டும் திரவம்) புகாத கனெக்டர் வாங்குங்கள், இல்லையென்றால் மூன்றாம் வாரத்தில் தரவுக் கோப்பு முழுக்கப் பூஜ்யங்கள் வரும்.

பல்கலைக்கழகத்தை எப்போது அணுக வேண்டும்?

என்யுஎஸ், என்டியு இரண்டிலும் பருவங்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன. ஆகஸ்ட் திட்டத்துக்கு மார்ச், ஏப்ரலிலேயே பேசத் தொடங்குவது உத்தமம். பேராசிரியர் தலைப்பை உருமாற்ற வேண்டும், ஒப்பந்தம் சட்டப் பிரிவுக்குப் போய் வர வேண்டும், மாணவர்கள் தலைப்புப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூலைக் கடைசியில் தொலைபேசியில் அழைத்தால் தலைப்பு கிடைக்காத மாணவர்தான் மிஞ்சியிருப்பார். அவரும் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்து வந்தவர் அல்லர்.

நாள்காட்டியில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஜனவரிப் பருவத்தின் முதல் சில வாரங்களில் சீனப் புத்தாண்டு வந்துவிடும், அப்போது உதிரிபாகக் கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும். டிசம்பரில் பல ஆலைகள் ஆண்டிறுதி நிறுத்தத்தில் இருக்கும், மாணவர்களோ அப்போதுதான் ஓய்வாக இருப்பார்கள். தீபாவளி பெரும்பாலும் ஆகஸ்ட் பருவத்தின் கடைசி வாரங்களில் விழும். அந்த வாரத்தில் முன்னேற்றக் கூட்டம் வைக்காதீர்கள், பாவம் பிள்ளைகள்.

நிறுவனத்தின் சார்பில் வழிகாட்டுபவர் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பயிற்சி மாணவர் என்றால் முதல் இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம், பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். இறுதியாண்டுத் திட்டம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் அது தவறக் கூடாது.

வழிகாட்டியாகத் துறை மேலாளரைப் போடுவது கௌரவமாகத் தெரியும். பலன் குறைவு. அவர் பாதி நாள் கூட்டத்திலும் பாதி நாள் பயணத்திலும் இருப்பார். அந்த இயந்திரத்தோடு தினம் மல்லுக்கட்டும் பொறியாளரையோ மூத்த தொழில்நுட்பரையோ போடுங்கள். அவர் வேலை மாறினால் அடுத்து யார் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். வழிகாட்டி நடுவில் ராஜினாமா செய்ததும் அனாதையாகிப் போகும் திட்டங்கள் நிறைய.

பல்கலைக்கழக மேற்பார்வையாளர் மதிப்பெண்ணைப் பார்ப்பார், நீங்கள் பயனைப் பார்ப்பீர்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாகப் போகாது. உங்களுக்கு எளிய எக்செல் தாளே போதுமாக இருக்கும், பேராசிரியருக்கு அதில் ஆய்வுத்தன்மை வேண்டும். இந்த இழுபறியில் மாணவரை நடுவில் நிறுத்தாமல் மூவரும் முதல் வாரத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பயிற்சியில் எனக்குப் படிவம் நிரப்பும் வேலைதான் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

இரண்டு வாரம் பொறுங்கள். படிவம் நிரப்புவதிலும் ஆலையின் ஓட்டம் தெரியும். மூன்றாம் வாரமும் அதேதான் என்றால் குறையாகச் சொல்லாமல் ஒரு யோசனையோடு போங்கள்: "இந்தச் சோதனைப் பதிவுகளை ஆறு மாதத்துக்குத் தொகுத்துப் பார்த்தால் எந்தப் பாகம் அதிகம் நிராகரிக்கப்படுகிறது என்று தெரியும், நான் செய்யட்டுமா?" பெரும்பாலான மேலாளர்கள் சரி என்பார்கள். அவர்களுக்கு உங்களிடம் என்ன கொடுப்பது என்று தெரியாததுதான் பிரச்சினையே. அதற்கும் அசையாவிட்டால் ஐந்தாம் வாரத்துக்குள் பல்கலைக்கழக ஆசிரியருக்கு எழுதிவிடுங்கள். 18-ஆம் வாரத்தில் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

படித்தொகை, மத்திய சேம நிதி, வெளிநாட்டு மாணவர்: விதிகள் என்ன?

பாடத்திட்டத்தின் பகுதியாகக் கல்வி நிலையம் அங்கீகரித்த பயிற்சிக்கு மத்திய சேம நிதிச் சந்தா கட்ட வேண்டியதில்லை. பயிற்சி முடிந்தபின் அதே மாணவரை நீங்கள் பகுதிநேரமாகத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அது வேறு கணக்கு. அன்றைக்கே மத்திய சேம நிதிக் கழகத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

மனிதவள அமைச்சின் பட்டியலிலுள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர், பட்டத்துக்குத் தேவையான பயிற்சியை வேலை அனுமதிச் சீட்டு இல்லாமலே செய்யலாம். பருவம் நடக்கும்போது பார்க்கும் பகுதிநேர வேலைக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. பாடத்தோடு சேராத "கூடுதல் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போ" என்ற ஏற்பாடு இந்த விலக்கில் அடங்குமா என்று கேட்காமல் தொடங்காதீர்கள்.

படித்தொகைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சம் கிடையாது. ஆனால் மாணவர்கள் தங்களுக்குள் தொகையைப் பேசிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கும் எம்ஆர்டிக்கும் மட்டும் சரியாகும் தொகை கொடுத்துவிட்டு நல்ல விண்ணப்பங்கள் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. துவாஸ், ஜூரோங் தீவு போன்ற இடங்களாக இருந்தால் நிறுவனப் பேருந்தில் மாணவருக்கும் ஓர் இருக்கை ஒதுக்குங்கள். படித்தொகையில் நூறு வெள்ளி கூட்டித் தருவதைவிட அது பெரிது.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் நட்பெல்லாம் முறியும். ஊழியர் தன் வழக்கமான பணியில் கண்டுபிடித்தது முதலாளிக்குச் சொந்தம் என்று சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. பேராசிரியர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவரோ பல்கலைக்கழகத்துக்கும் ஊழியர் அல்லர், உங்களுக்கும் ஊழியர் அல்லர். அவருடைய பங்கு யாருக்குப் போகும் என்பது அவர் கையெழுத்திடும் தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாள் வேலை தொடங்குமுன் இருக்க வேண்டும். மாணவர் பட்டம் பெற்று வேறு நாட்டுக்குப் போனபின் கையெழுத்து வாங்க அலைவது பெருந்துன்பம்.

பேச்சுவார்த்தையில் நிறுவனங்கள் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று தொடங்கும். மாணவரின் நேரமும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் சேர்ந்த வேலைக்கு அது எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் உங்களுக்குத் தேவையானதும் அது அல்ல. உங்கள் தொழிலின் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் தனியுரிமம், மற்றத் துறைகளுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு விரைவில் முடியும், செலவும் குறைவு. நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்த வரைபடங்கள், செய்முறைகள் ஆகியவற்றைப் "பின்னணிச் சொத்து" என்று தனிப் பட்டியலாக இணைத்துவிடுங்கள். பிறகு எது பழையது, எது புதியது என்ற சண்டை வராது. என்யுஎஸ்ஸில் தொழில்நுட்பப் பரிமாற்றத்தைப் பார்க்கும் அலுவலகமும், என்டியுவில் என்டியூஇட்டிவ் நிறுவனமும் இதைக் கவனிக்கின்றன.

அடுத்து வெளியீடு. பொதுமக்கள் வந்து பார்க்கும் இறுதியாண்டுக் கண்காட்சியில் சுவரொட்டி மாட்டினாலே கண்டுபிடிப்பை வெளியிட்டதாகிவிடலாம். சிங்கப்பூரில் கண்டுபிடிப்பாளரின் சொந்த வெளியீட்டுக்கு 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் அந்த அளவுக்குச் சலுகை இல்லை, அங்கே கதவு அன்றே அடைபடும். சுவரொட்டிக்கு முன் காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யுங்கள். உரிமைக்கோரல்கள் இல்லாமல் விவரிப்பை மட்டும் தந்து இங்கே தாக்கல் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், கோரல்களைப் பின்னர் 12 மாதத்துக்குள் தரலாம்.

ரகசியத்தன்மை ஒப்பந்தம் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. அறிக்கை எங்கெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்: தேர்வாளர்கள், நூலகக் களஞ்சியம், பிறர் எழுதியதோடு ஒப்பிடும் டர்னிட்டின் போன்ற மென்பொருள். கடைசியில் சொன்னது பலர் நினைவுக்கு வருவதில்லை. அமைப்பைப் பொறுத்து அறிக்கையின் பிரதி அதன் களஞ்சியத்திலேயே தங்கிவிடலாம். பிரதி தங்காதபடி அமைக்கச் சொல்லி ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

எண்களை மறைக்க நினைத்தால் வரைகோட்டுப் படங்களின் அச்சுகளில் உண்மை அளவுகளுக்குப் பதில் விகிதங்களைப் போடலாம், வாடிக்கையாளர் பெயருக்கு "அ", "ஆ" என்று போடலாம். அறிக்கை முழுவதையும் மூட வேண்டும் என்று அடம்பிடித்தால் மாணவருக்கு நாளை வேலை நேர்காணலில் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்த ஆண்டு உங்கள் தலைப்பை யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

பாதுகாப்பு யார் பொறுப்பு?

வேலையிடத்தை நடத்துபவர் பொறுப்பு. "மாணவர்தானே, பார்வையாளர் அட்டை போதும்" என்பது தவறு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் இடத்தில் இருப்பவர்களின் பாதுகாப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். மாணவர் எதைத் தொடக் கூடாது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்: மின்பெட்டி, இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு, கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக். உயரத்தில் வேலை, மூடிய தொட்டிக்குள் வேலை ஆகியவற்றுக்கு உரிய பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். பல்கலைக்கழகக் காப்புறுதி ஆலைக்குள் நடப்பதற்கு எவ்வளவு தூரம் பொருந்தும், உங்களுடையது எவ்வளவு தூரம் என்று இரு தரப்பிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும்போதும் அசம்பாவிதங்கள் நடக்கலாம். சென்சார் ஒட்டுவதற்காகக் கதவைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓட்ட இன்டர்லாக்கை "ஒரு நிமிடம் மட்டும்" தவிர்ப்பார்கள். அதற்கு இடமே தரக் கூடாது. கம்பியைக் கதவு மூடியபடியே வெளியே கொண்டுவரும் வழியை இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

எங்களுடையது 15 பேர் உள்ள சிறு நிறுவனம். ஆய்வுக்குப் பணமில்லை. வழி உண்டா?

உண்டு, ஆனால் முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் சிறு நிறுவனங்களுக்கென்றே புத்தாக்க நிலையங்கள் இயங்குகின்றன. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுற்றுப்புறம், நீர்த் தொழில்நுட்பத்துக்கும், சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவுத் தொழிலுக்கும் உள்ளவை எடுத்துக்காட்டுகள். அங்கே உள்ளவர்கள் மாதிரி செய்து, சோதித்து, கையில் தருவதில் பழகியவர்கள். ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் குறைவு. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் மானியங்களில், தகுதி பெறும் உள்ளூர்ச் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செலவில் பாதி வரை கிடைக்கும் திட்டம் உண்டு. குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குடைமை அதன் நிபந்தனைகளில் ஒன்று. பலர் கோட்டைவிடும் இடம் விண்ணப்பத் தேதி. ஆர்வத்தில் முன்பணம் கட்டிவிட்டு, வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் அந்தத் திட்டம் தகுதி இழந்துவிடும். விண்ணப்பம் முதலில், கையெழுத்து அதற்குப் பிறகு.

சிங்கப்பூரில் இந்த முறை எப்படி வேரூன்றியது?

பட்டத்தைவிடக் கைத்திறன்தான் இங்கே முதலில் தேவைப்பட்டது. பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1972-ல் இந்தியாவின் டாட்டாவோடும், 1973-ல் ஜெர்மனியின் கேமரா நிறுவனமான ரோலையோடும், 1975-ல் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸோடும் சேர்ந்து பயிற்சி நிலையங்களை அமைத்தது. ஏற்பாடு புத்திசாலித்தனமானது. நிறுவனம் தனக்குத் தேவையானவர்களைவிடக் கூடுதலானோருக்குப் பயிற்சி தரும், மிஞ்சியவர்கள் மற்ற ஆலைகளுக்குப் போவார்கள். பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் அரசுகளின் துணையோடு வந்த கழகங்கள் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணைந்தன. மாணவர்கள் உண்மையான வாடிக்கையாளருக்கு உண்மையான பொருளைச் செய்து தரும் "கற்பிக்கும் ஆலை" என்ற முறை அந்த வழியில் வந்ததுதான்.

பல்கலைக்கழக நிலையில் 1981-ல் தொடங்கிய நன்யாங் தொழில்நுட்பக் கழகம் நடைமுறை சார்ந்த பொறியாளர்களை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. 1991-ல் அது என்டியு ஆனது. எஸ்ஐடியின் புதிய பொங்கோல் வளாகம் மின்னிலக்க வட்டாரத்தின் நிறுவனங்களுக்கு நடுவிலேயே 2024-ல் திறந்ததும் அந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

கூட்டு ஆய்வுக்கூடங்கள், தொழில்துறை முனைவர் பட்டம் யாருக்கு ஏற்றவை?

ஐந்தாண்டுக்கு நிலையான கேள்வி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு. தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆதரவோடு 2013-ல் என்டியுவில் ரோல்ஸ்ராய்ஸ் ஆய்வுக்கூடம் 75 மில்லியன் வெள்ளியிலும், 2018-ல் எச்பி ஆய்வுக்கூடம் 84 மில்லியன் வெள்ளியிலும் தொடங்கின. கெப்பல் நிறுவனம் என்யுஎஸ்ஸோடு சேர்ந்தது.

2011 முதல் உள்ள தொழில்துறை முதுநிலைத் திட்டத்தில் முனைவர் பட்ட மாணவர் குறைந்தது பாதி நேரத்தை நிறுவனத்தில் செலவிடுவார். நடுத்தர நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை: நான்கு ஆண்டு கழித்தும் அந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியமாக இருக்க வேண்டும். தலைமை நிர்வாகி மாறினால் ஆய்வுத் தலைப்பும் மாறும் இடங்களில் மாணவரின் பட்டம்தான் பலியாகும்.

நிறுவனங்கள் பாடத்திட்டத்தையே மாற்றச் சொல்லலாமா?

ஆலோசனைக் குழுவில் சொல்லலாம். முடிவு பல்கலைக்கழகத்துடையது. சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகத்தின் அங்கீகார வாரியம் 2006 முதல் பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் உறுப்பினர். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பிற உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்பட இதுவே அடிப்படை. அடிப்படைக் கணிதத்தைக் குறைத்து உங்கள் மென்பொருளைக் கற்பிக்கச் சொன்னால் நடக்காது, நடக்கவும் கூடாது. மென்பொருள் ஐந்தாண்டில் மாறிவிடும். ஆலோசனைக் குழுவில் எடுபடும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்: "புதிதாகச் சேர்பவர்களுக்கு வரைபடத்தில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) படிக்கத் தெரியவில்லை." இப்படிக் குறிப்பாகச் சொன்னால் அடுத்த ஆண்டே ஆய்வக வகுப்பில் மாற்றம் வரும்.

வேலைப் பயிற்சிக் காலம் தொழில்முறைப் பொறியாளர் பதிவுக்குக் கணக்காகுமா?

ஆகாது. அதற்குப் பட்டத்துக்குப் பிந்திய நான்கு ஆண்டு நடைமுறை அனுபவமும் தேர்வுகளும் தேவை.

எஸ்ஐடி போன்ற வேலை சார்ந்த பட்டம் "இரண்டாம் தரம்" என்கிறார்களே?

உறவினர் வீட்டு விருந்தில் கேட்ட பேச்சாக இருக்கும். குறிப்பிட்ட பட்டம் அங்கீகார வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை அளக்கும் அதே அளவுகோலால்தான் அதையும் அளந்திருக்கிறார்கள். அதற்குமேல் பிள்ளையின் சுபாவம்தான் முக்கியம். கோட்பாட்டில் ஊறி ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு எட்டு மாதம் ஆலையில் இருப்பது நீளமாகத் தெரியலாம். கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்பவருக்கு அந்த எட்டு மாதம் போதாமல் இருக்கும்.

திட்டம் வெற்றி என்றார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கருவி அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. ஏன்?

ஏனென்றால் மாணவர் போய்விட்டார், அவரோடு கடவுச்சொல்லும் போய்விட்டது. மென்பொருள் அவருடைய சொந்த மடிக்கணினியில் ஓடியது, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. சர்க்கியூட் போர்டில் எந்தக் கம்பி எதற்கு என்று எழுதப்படவில்லை.

கடைசி மூன்று வாரத்தை ஒப்படைப்புக்கென்று ஒதுக்கி, அதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள். வாங்க வேண்டியவை: நிறுவனக் கணக்கில் வைத்த மூலநிரல், வேறொரு கணினியில் அதை நிறுவி ஓட்டிக் காட்டிய சான்று, கம்பி வரைபடம், சென்சார் பிடிமானமும் திருகாணியும் உட்பட உதிரிபாகப் பட்டியலும் வாங்கிய கடையும், செயலிழந்தால் முதலில் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள். சரிபார்க்கும் முறை ஒன்றுதான். மாணவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இதுவரை கருவியைத் தொடாத ஊழியர் ஒருவர் குறிப்பை மட்டும் பார்த்து அதை இயக்க வேண்டும். அவர் எங்கெல்லாம் தடுமாறுகிறாரோ அங்கெல்லாம் குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை 24-ஆம் வாரத்தில் வையுங்கள். 26-ல் வைத்தால் திருத்த ஆளிருக்காது.